நூற்றுக்கு முப்பத்தெட்டு

இரவு டியூட்டி முடித்தவள் வீட்டுக்குப் போய்த் தூங்க வேண்டும். அமலிக்கு அன்று அது வாய்க்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் நின்று, ஜனக்புரிக்கு எந்த பஸ் போகும் என்று டீக்கடைக்காரரிடம் விசாரித்துக்கொண்டிருந்தாள். அவர் ஒரு நம்பர் சொன்னார். பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர் வேறு நம்பர் சொன்னார். இரண்டு பேரும் அடித்துச் சொன்னார்கள். டெல்லியில் வழி தெரியாது என்று சொல்கிற ஆள் ஒருத்தரும் கிடையாது, கேட்டவர்கள்தான் போய்ச் சேருவதில்லை. கடைசியில் அவள் முதலில் வந்த பஸ்ஸில் ஏறி, கண்டக்டரிடம் கேட்டு, பாதி வழியில் இறங்கி மாறினாள்.

எல்லாம் ஒரு எண்ணுக்காக. நூற்றுக்கு முப்பத்தெட்டு. அந்த எண்ணைப் பெற்றெடுத்தவர் ஜனக்புரியில் குடியிருந்தார்.

அமலி மெஞ்ஞானபுரத்துக்காரி. நர்சிங் முடித்த கையோடு டெல்லிக்கு ரயிலேறியவள். தென் டெல்லியில் ஓர் அறக்கட்டளை மருத்துவமனையில் வேலை. கணவன் டேவிட்சன் மத்திய ரிசர்வ் போலீஸில் சேர்ந்து அந்த வருடம் அஸ்ஸாமில் கிடந்தான். மகள் ஃபெபி நான்காம் வகுப்பு. அமலிக்கு நைட் டியூட்டி வருகிற வாரங்களில் அந்தப் பிள்ளை அவர்கள் குடியிருந்த போகல் பகுதியில் எதிர்வீட்டுப் பஞ்சாபி ஆன்ட்டியின் வீட்டில்தான் தூங்கும். ஆன்ட்டி தங்கமானவர்தான். ஆனால் பிள்ளை சமீபத்தில் தூக்கக் கலக்கத்தில் அம்மாவை "ஆன்ட்டி" என்று கூப்பிட்டுவிட்டது. அதைக் கேட்ட நாளிலிருந்து அமலி ஒரு முடிவோடு இருந்தாள்.

மருத்துவமனையோடு சேர்ந்த நர்சிங் பள்ளியில் டியூட்டர் இடம் ஒன்று காலியாக இருந்தது. முழுக்கப் பகல் வேலை. ஞாயிறு லீவு. அதற்கு அனுபவம் மட்டும் போதாது, ஒரு ஆய்வறிக்கையும் எழுதி, நெறியாளர் கையெழுத்தோடு கொடுக்க வேண்டும் என்று விதி. அமலி எடுத்துக்கொண்ட விஷயம் ஊசிக்குத்து. நோயாளிக்குப் போட்ட ஊசி நர்ஸின் விரலில் ஏறுவது. வருடத்தில் எத்தனை நர்ஸ்களுக்கு அது நடக்கிறது என்பதுதான் கேள்வி. தன் மருத்துவமனை வார்டுகளிலேயே கேள்வித்தாள் கொடுத்து வாங்கிக் கணக்குப் போட்டாள். நூற்றுக்கு முப்பத்தேழு என்று வந்தது.

தன் எண் மட்டும் தனியாக நின்றால் ஆய்வு ஆகாது, வேறு யாராவது கண்டதோடு ஒப்பிட வேண்டும். போகல் மார்க்கெட்டில் ஒரு நெட் கஃபேயில் உட்கார்ந்து தேடினாள். முதலில் வந்த பக்கத்திலேயே, மேலே மூவர்ணக் கொடி அசைய, கீழே பார்வையாளர் எண்ணிக்கை ஓட, 'டெல்லி செவிலியர் நல ஆய்வு மையம்' என்று ஆங்கிலத்தில் இருந்தது. டெல்லி நர்ஸ்களில் நூற்றுக்கு முப்பத்தெட்டுப் பேருக்கு ஆண்டுக்கு ஒருமுறையாவது ஊசிக்குத்து. முப்பத்தேழும் முப்பத்தெட்டும்! பிள்ளைப்பேறு பார்த்து அலுத்த அவளுக்கே அன்றைக்குத் தானும் ஒன்றைப் பெற்ற மாதிரி இருந்தது. மேலும் தேடினாள். ஒரு ஆங்கில நாளிதழின் ஞாயிறு பக்கத்தில் அதே முப்பத்தெட்டு. வெளிநாட்டு மாணவர் மாநாட்டுச் சுருக்கம் ஒன்றிலும் முப்பத்தெட்டு. மூன்று இடத்தில் ஒரே எண் என்றால் வேறென்ன வேண்டும்?

இவ்வளவுக்கும் அவளுடைய நெறியாளர், வேறொரு நர்சிங் கல்லூரியில் பாடம் நடத்தும் குப்தா மேடம், நெட்டில் கிடைப்பதை எப்படி எடைபோடுவது என்று அரைநாள் வகுப்பே எடுத்திருந்தார். யார் சொல்கிறார், அவருக்கு எப்படித் தெரியும், எப்போது சொன்னார், சொல்வதில் அவருக்கு என்ன லாபம். இந்த நான்கையும் கேட்காமல் ஒரு வரியையும் எடுக்காதீர்கள் என்று மேஜையைத் தட்டிச் சொல்லியிருந்தார். அமலி கடைசி வரிசையில் இருந்து அவ்வளவையும் எழுதிக்கொண்டாள். கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவது நர்ஸ்களுக்குக் கைவந்த கலை.

நான்கு கேள்வியும் அந்தப் பக்கத்தைப் பார்த்தபோது நினைவுக்கு வராமல் இல்லை. ஆனால் கடைசியில் 'நிறுவனர்: எஸ். ஜோதிலிங்கம், சொந்த ஊர் சாத்தான்குளம்' என்று போட்டிருந்தது. அதோடு நான்கும் போன இடம் தெரியவில்லை. சாத்தான்குளம் அவளுக்குப் பக்கத்து ஊர். டெல்லியில் தமிழர்களுக்கு வாடகை வீடு, கேஸ் கனெக்‌ஷன், ரயிலில் எமர்ஜென்சி கோட்டா, மாப்பிள்ளை என்று சகலமும் கிடைப்பது ஊர்ப் பெயரைச் சொல்லித்தான். எந்த ஊர் என்று கேட்டு, நம்ம ஊர் என்று தெரிந்துவிட்டால் அதற்கு மேல் ஒரு விசாரணையும் கிடையாது. அதே பழக்கத்தில் அவள் ஒரு இணையப் பக்கத்தையும் நம்பிவிட்டாள். சாத்தான்குளத்துக்காரர் பொய் சொல்ல மாட்டார் என்று, குப்தா மேடத்திடம் சொல்ல முடியாத ஒரு காரணத்துக்காக.

குப்தா மேடம் அறிக்கையைப் படித்துவிட்டு அந்த எண்ணுக்குக் கீழே சிவப்பில் கோடு போட்டார். இந்த மையம் யாரிடம், எப்படிக் கேட்டது, எத்தனை பேர் என்று அவர்களிடமிருந்தே எழுதி வாங்கி வா, வெள்ளிக்கிழமைக்குள் வந்தால் கையெழுத்துப் போடுகிறேன், இல்லாவிட்டால் அந்த அத்தியாயம் நிற்காது என்றார். அந்த அத்தியாயம் நிற்காவிட்டால் அறிக்கை நிற்காது, அறிக்கை நிற்காவிட்டால் டியூட்டர் இடம் வேறொருத்திக்கு. அமலி அந்த மையத்துக்கு மின்னஞ்சல் போட்டாள். பதில் இல்லை. திரும்பவும் போட்டாள். ஜனக்புரி விலாசம் அந்த இணையப் பக்கத்தில் இருந்ததால்தான் தூக்கத்தை விட்டு இந்தப் பயணம்.

மையம் என்றதும் அவள் ஒரு போர்டையும் வாட்ச்மேனையும் எதிர்பார்த்துப் போனாள். மூன்றாவது மாடியில், டி.டி.ஏ. என்கிற அரசு வாரியம் கட்டிய ஒரு ஃபிளாட். கதவில் மாவிலை. திறந்தவர் பனியனும் கட்டம்போட்ட லுங்கியுமாக, எழுபதைத் தொடுகிற வயதில், கையில் பாதி உரித்த வெங்காயத்தோடு நின்றார். செவிலியர் நல ஆய்வு மையம் என்று தயங்கியபடி கேட்டாள். அது நான்தான், உள்ளே வாங்க என்றார் ஜோதிலிங்கம்.

ஊர்ப் பெயரைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்துபோயிற்று. "மெஞ்ஞானபுரமா? நம்ம பக்கத்து ஊருல்லா! உக்காரும்மா. முதல்ல காப்பி, பெறகு மத்த பேச்சு" என்று அடுக்களைக்குள் போனார். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் ஸ்டெனோவாக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி நர்ஸாக இருந்து, ஓய்வு பெற்ற மறுவருடமே கல்லீரல் கெட்டு இறந்துவிட்டார். எப்போதோ ஏறிய ஒரு ஊசியிலிருந்து வந்தது என்று டாக்டர்கள் சொன்னார்களாம், எந்த ஊசி, எந்த வருடம் என்று யாருக்குத் தெரியும். மகன் அமெரிக்காவிலிருந்து வாங்கிக் கொடுத்த கம்ப்யூட்டர் சும்மா இருந்தது. தனியாக இருக்கிற மனிதருக்குச் சாயங்காலங்கள் நீளமாக இருந்தன. நர்ஸ்களுக்குக் கையுறையும் மஞ்சள்காமாலைத் தடுப்பூசியும் கிடைக்க ஏதாவது செய்வோம் என்று அவராகவே புத்தகம் பார்த்துப் படித்து அந்தப் பக்கத்தை உண்டாக்கியிருந்தார். அமலிக்கு அவர்மேல் கோபம் வருவதற்கு வழியே இல்லாமல் போயிற்று, அது அவளுக்குச் சங்கடமாக இருந்தது.

பக்கத்தைத் திறந்து காட்டினார். பார்வையாளர் எண்ணிக்கை பதினோராயிரத்தைத் தாண்டியிருந்தது. "அதுல பாதி நான்தான். வேலை செய்யுதான்னு அடிக்கடி தொறந்து பாத்துக்கிடுவேன்" என்று சிரித்தார். மின்னஞ்சல் எதுவும் பார்த்தீர்களா என்று கேட்டாள். பாஸ்வேர்ட் மறந்து மாதக் கணக்காகிறதாம்.

நாளிதழ்க்காரர்களும் அதே எண்ணைப் போட்டிருக்கிறார்களே, அவர்கள் எங்கே எடுத்தார்கள் என்று அமலி விசாரித்தாள். அவர் பெருமையோடு சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த செய்தியைக் காட்டினார். ஒரு பையன் போனில் கேட்டானாம், இவர் சொன்னாராம். வெளிநாட்டு மாநாட்டுக்காரர்கள் அந்தச் செய்தியிலிருந்து எடுத்துக்கொண்டார்களாம். செய்தி வந்த பிறகு இவரும் சும்மா இருக்கவில்லை, தன் பக்கத்தில் எண்ணுக்குக் கீழே 'ஆதாரம்: ஆங்கில நாளிதழ்' என்று சேர்த்துவிட்டார். ஆதாரம் போட்டால்தான் கௌரவமாக இருக்கும் என்று யாரோ சொன்னார்களாம். அமலி மூன்று சாட்சி என்று நம்பியிருந்தது ஒரே ஆள், அவரும் இப்போது அவளுக்கு இரண்டாவது டம்ளர் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தார்.

தலை கிறுகிறுத்தது. தூக்கமா, இதுவா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. கடைசியாகக் கேட்க வேண்டியதைக் கேட்டாள். "அண்ணாச்சி, அந்த முப்பத்தெட்டு உங்களுக்கு எங்க கெடச்சுது?"

"அதுவா? முந்துன வருசம் கிறிஸ்மஸுக்கு நம்ம தமிழ் நர்சுங்க எல்லாம் சர்ச் ஹால்ல கூடுனாங்கல்லா, அங்கன. எனக்கு ரெண்டு நிமிசம் மைக் கொடுத்தாங்க. இந்த வருசம் யார் யாருக்கு ஊசி குத்துச்சு, கையத் தூக்குங்கன்னேன். எண்ணுனேன். வகுத்தேன். அவ்வளவுதாம்மா" என்றார்.

அமலி காப்பியைக் கீழே வைத்தாள். அந்த ஹாலில் அவள் இருந்தாள்.

நன்றாக ஞாபகம் வந்தது. பின்பக்கத்திலிருந்து பிரியாணி வாசனை வந்து எல்லாரும் தவித்துக்கொண்டிருந்த நேரம். யாரோ ஒரு பெரியவர் மைக்கில் ஏதோ கேட்டார், சில கைகள் எழுந்தன. மற்ற ஆஸ்பத்திரிப் பெண்கள் தூக்கினார்கள். அமலியின் ஆஸ்பத்திரிக்காரர்கள் உட்கார்ந்த இரண்டு வரிசையில் ஒரு கைகூட எழவில்லை. ஏனென்றால் அன்றைக்குச் சிறப்பு விருந்தாளி அவர்களுடைய நர்சிங் சூப்பரின்டென்டென்ட், முன்வரிசை நாற்காலியில் திரும்பி உட்கார்ந்து, யார் தூக்குகிறார்கள் என்று சிரித்த முகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார். ஊசி குத்தியது என்றால் கவனக்குறைவு. கவனக்குறைவு என்றால் மெமோ. ஒப்பந்தத்தில் இருப்பவள் என்றால் மறுவருடம் ஒப்பந்தம் இல்லை. அந்த வருடம் அமலிக்கு இரண்டு முறை குத்தியிருந்தது. ஒருமுறை நோயாளியின் ரத்தம் எப்படிப்பட்டது என்று தெரியாமல் பயந்து, வெளியே ஒரு லேபில் காந்திமதி என்று பொய்ப்பெயர் கொடுத்துப் பரிசோதனை செய்துகொண்டாள். முடிவு வரும்வரை பிள்ளைக்கு முத்தம் கொடுக்கவில்லை. ஹாலில் அவள் இரண்டு கைகளையும் மடியில்தான் வைத்திருந்தாள்.

ஜோதிலிங்கத்துக்கு அவள் முகம் மாறியது மட்டும் தெரிந்தது. வாத்தியாரம்மா ஏதோ எழுதி வாங்கி வரச் சொல்கிறார் என்று அவள் வந்தவுடன் சொல்லியிருந்ததால், அதுதான் கவலை என்று எடுத்துக்கொண்டார். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, மையத்தின் பெயர் போட்ட தாளைத் திறந்து, ஸ்டெனோ விரல்களால் விறுவிறு என்று அடித்தார். "ஒங்க மேடத்துக்கு என்ன வார்த்தை புடிக்கும்னு சொல்லு, அதையே போட்டுருதேன். ரேண்டம் சாம்பிள்னு போடவா? நம்ம ஊர்ப் பிள்ளைக்கு இதுகூடச் செய்யலன்னா எப்படி" என்றார். அந்தக் குரலில் கள்ளம் துளியும் இல்லை. அமலி வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தாள் அச்சாகி வந்தது, முத்திரை விழுந்தது, கையெழுத்து விழுந்தது. அவர் பஸ் ஸ்டாண்ட் வரை வந்து வழியனுப்பினார்.

நேர்மையாக இருப்பதற்கும் உடம்பில் கொஞ்சம் தெம்பு வேண்டும். அமலியிடம் அன்று அது இல்லை. பஸ்ஸில் கம்பியைப் பிடித்தபடி தனக்குத்தானே கணக்குச் சொல்லிக்கொண்டாள். அவர் எண் தப்பாகவே இருக்கட்டும், தன் எண் சரிதானே. தான் முறையாகக் கேள்வித்தாள் கொடுத்து வாங்கியது. அதுவும் முப்பத்தேழு என்றுதானே வந்தது. அப்படியானால் அவருடைய முப்பத்தெட்டும் குருட்டாம்போக்கில் சரியாக விழுந்திருக்கிறது, அதை வைத்துக்கொண்டால் யாருக்கு என்ன நஷ்டம். இப்படியே சொல்லிச் சொல்லி அவள் குப்தா மேடத்தின் கல்லூரிக்கு வந்து சேர்ந்தாள்.

மேடம் கடிதத்தைப் படித்தார். முகத்தில் திருப்தி தெரிந்தது, அது அபூர்வமான காட்சி. தனித்தனியாக எடுத்த இரண்டு கணக்கெடுப்பு ஒன்றையொன்று தாங்குகிறது, நல்லது என்றார். பேனாவை எடுத்துக்கொண்டே இன்னொன்றும் சொன்னார். உங்கள் சூப்பரின்டென்டென்ட் நேற்றுப் போன் செய்திருந்தார், அறிக்கையைக் கேட்டார், டெல்லி சராசரியைவிடத் தங்கள் ஆஸ்பத்திரியில் ஊசிக்குத்து குறைவு என்று ஆண்டறிக்கையில் போட ஆசைப்படுகிறார், தடுப்பூசிச் செலவு இனித் தேவையில்லை என்று நிர்வாகத்திடம் காட்டவும் உதவுமாம்.

அமலி அந்தக் கடைசி வாக்கியத்தில் விழித்துக்கொண்டாள். போன மாதம் அவள் வார்டில் சிந்து என்ற புதுப் பெண்ணுக்குக் கட்டைவிரலில் ஊசி ஏறியது. ரிஜிஸ்டரில் எழுதவா அக்கா என்று அழுதுகொண்டே கேட்டவளிடம், எழுதாதே, வேலை போய்விடும், நன்றாகக் கழுவிக்கொள் என்று சொன்னது அமலிதான். அதே சிந்து அவளுடைய கேள்வித்தாளில் 'இல்லை' என்று நிரப்பிக் கொடுத்தாள். நிரப்பிய தாள்களை யாரிடம் கொடுத்தார்கள்? வார்டு இன்சார்ஜ் சிஸ்டரிடம். அவர் மேஜைமேல் திறந்தபடி கிடந்தன, அவர்தான் அடுக்கிக் கட்டி அமலியிடம் கொடுத்தார். யார் கையெழுத்து யாருடையது என்று அந்த வார்டில் தெரியாதவர் இல்லை.

முப்பத்தேழும் முப்பத்தெட்டும் ஏன் ஒத்துப்போயின என்று அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. ஹாலில் தூக்காத கைகளும் வார்டில் 'இல்லை' போட்ட கைகளும் ஒரே பயத்தில் இருந்தவை. இரண்டு இடத்திலும் எண்ணப்பட்டது ஊசி அல்ல, துணிச்சல். அவமானமாக இருந்தது. அதைவிட அலுப்பாக இருந்தது. இத்தனை மாதம் தூக்கம் கெட்டது இதற்குத்தானா.

"மேடம், கையெழுத்துப் போடாதீங்க" என்றாள்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். பாதி ஹிந்தியில், பாதி ஆங்கிலத்தில், வார்த்தை கிடைக்காத இடத்தில் தமிழிலேயே. ஹாலையும் பிரியாணியையும் முன்வரிசை நாற்காலியையும் சொன்னாள். மைக் பிடித்தவரின் மனைவி எப்படி இறந்தார் என்பதையும் சொன்னாள், ஏனென்றால் அவரை மேடம் மோசடிக்காரர் என்று நினைத்துவிடக் கூடாது. கடைசியில், அந்த எண்ணைப் போலவே என் எண்ணும் பொய், யாரும் எனக்கு உண்மையைச் சொல்லவில்லை, சொல்லும்படி நான் கேட்கவும் இல்லை என்றாள்.

குப்தா மேடம் பேனாவை மூடி வைத்தார். வகுப்பில் மேஜையைத் தட்டுகிற மனுஷி, இப்போது வெறுமனே நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவரும் முப்பது வருடம் வார்டில் வெந்தவர்தான். டியூட்டர் இடத்துக்கு இன்னொருத்தியின் அறிக்கை தயாராக வந்திருக்கிறது, அடுத்த வாரம் முடிவாகிவிடும், உனக்காக அதை நிறுத்த என்னால் முடியாது என்றார். தெரியும் என்றாள் அமலி. இன்னொரு வருடம் நைட் டியூட்டி, இன்னொரு வருடம் எதிர்வீட்டு ஆன்ட்டி. தான் ஏதோ பெரிய காரியம் செய்துவிட்டதாக அவளுக்குத் தோன்றவில்லை. எங்காவது படுத்தால் போதும் என்றிருந்தது.

மேடம் அறிக்கையை அவள் பக்கம் தள்ளினார். மறுபடியும் முதலிலிருந்து எடு என்றார். பூட்டிய பெட்டி ஒன்று, பெயரும் கையெழுத்தும் இல்லாத சீட்டு, எத்தனை தடவை என்ற எண்ணில் ஒரு வட்டம் போட்டால் போதும், இன்சார்ஜ் யாரும் தொடக் கூடாது, வேறு ஆஸ்பத்திரிகளிலும் வைக்க நான் ஏற்பாடு செய்கிறேன் என்றார். அமலி தலையாட்டிக்கொண்டு எழுந்தாள்.

"இரு" என்றார் மேடம். "நீ சொல்லு. இந்த வருஷம் உனக்கு எத்தனை தடவை?"

கேட்டது அவளுடைய நெறியாளர். வேறு கல்லூரி, வேறு கட்டடம், தெரிந்த முகம் ஒன்றும் அந்த மாடியிலேயே கிடையாது. அப்படியிருந்தும் அமலி திரும்பி, கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள். அப்புறம்தான், "மூணு" என்றாள்.